ஜப்பானியத் தாத்தாக்களின் செலவுக் கணக்கு

டோக்கியோ

அன்புள்ள அப்பா அவர்களுக்கு,

பேரப்பிள்ளை மீது தாத்தா பாட்டிக்கு உள்ள பாசம் எந்த நாட்டிலும் இருப்பதே என்றாலும், அந்தப் பாசத்துக்கு அரசு விடுமுறையும் வரிச்சலுகையும் காவல்துறை எச்சரிக்கையும் ஒருங்கே வாய்த்திருப்பது ஜப்பானின் தனிச்சிறப்பு. மன்னார்குடித் திண்ணையில் உட்கார்ந்தபடி, எவர் அனுமதியும் கேளாமல் பேரனுக்குக் கடலைமிட்டாய் வாங்கித் தந்துவிட்டு மருமகளிடம் பேச்சு வாங்கும் வழக்கத்துக்குப் பழகியோருக்கு இந்நாட்டு ஏற்பாடுகள் சற்று விளக்கம் வேண்டுபவை.

முதியோரைப் போற்றும் நாளான ‘கெய்ரோ நோ ஹி’, 1947இல் ஹியோகோ மாநிலத்தைச் சேர்ந்த நொமதானி என்னும் சிற்றூரில் நடந்த முதியோர் விழாவிலிருந்து வளர்ந்து, 1966இல் தேசிய விடுமுறையாகி, 2003 முதல் செப்டம்பரின் மூன்றாம் திங்கட்கிழமையில் கொண்டாடப்பட்டு வருகிறது. மழலையர் பள்ளிப் பிள்ளைகள் அதையொட்டித் தாத்தாவின் முகத்தை வண்ணத்தில் வரைந்து கொடுப்பர். தலைமுடி வரையும் இடத்தில் அவர்கள் காட்டும் நேர்மை பெரியவர்களுக்கு வராது. நூறு வயதை எட்டுவோருக்கு அரசு ஒரு வெள்ளிக் கிண்ணமும் அளிக்கிறது. அது ‘சாக்கே’ எனப்படும் அரிசி மதுவைப் பருகுவதற்குரிய கிண்ணம் என்பதால், பாட்டிக்கு இந்தச் செய்தியைச் சொல்லும்போது காபிக் கிண்ணம் என்று சொல்லிவிடுவது நல்லது. இவ்வழக்கம் தொடங்கிய 1963இல் நாட்டில் நூறு வயதைக் கடந்தவர்கள் 153 பேரே இருந்தனர். இன்று அவர்கள் 90,000 பேருக்கும் மேல் ஆகிவிட்டபடியால், 2016 முதல் வெள்ளி முலாம் பூசிய கிண்ணம்தான் கிடைக்கிறது. நீண்ட ஆயுள் கருவூலத்துக்குச் செய்யக்கூடிய தீங்கு இத்தகையது.

தாத்தாவுக்கு ஒரு நாள் உண்டென்றால் பேரனுக்கும் ஒன்று வேண்டாமா என்னும் நியாயமான கேள்வி, பெருங்கடைகளின் சங்கத்தாருக்கு 1999இல் எழுந்தது. அதன் பயனாக அக்டோபரின் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை ‘மாகோ நோ ஹி’, அதாவது பேரப்பிள்ளைகள் நாள், ஆயிற்று. செப்டம்பரில் ஓவியம் பெற்ற தாத்தா அக்டோபரில் பொம்மை வாங்கித் தந்து கணக்கைத் தீர்க்கிறார். அதே ஆண்டில், யமகதா மாநிலத்தில் செர்ரித் தோட்டம் வைத்திருந்த ஓய்சுமி இட்சுரோ என்னும் விவசாயி தம் பேரனைப் பற்றிப் பாடிய ‘மாகோ’ என்ற பாடல் நாடெங்கும் வெளியாகி, 20 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. பேரன் புகழைக் கேட்க எதிர்வீட்டுக்காரர்கூட அகப்படாமல் தவிக்கும் நம்மூர்த் தாத்தாக்கள் பொறாமைப்பட வேண்டிய செய்தி இது.

பிள்ளைப்பேறு குறைந்துவிட்ட இந்நாட்டில் ஒரு குழந்தைக்கு ‘ஆறு பைகள்’ உண்டென்று வணிகர்கள் கூறுவர். தாய் தந்தையர் இருவர், இருபுறத்துத் தாத்தா பாட்டியர் நால்வர் ஆகிய அறுவரின் சட்டைப்பைகளையே அவர்கள் இவ்வாறு எண்ணிவைத்திருக்கிறார்கள். அந்தப் பைகள் யாவும் ஒரு பையின் பொருட்டுத் திறக்கும் காலம் ஒன்றுண்டு. ‘ரன்தோசெரு’ என்பது தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் ஆறாண்டுக் காலமும் முதுகில் சுமக்கும், பெட்டி போன்று விறைப்பான புத்தகப்பை. 1887இல் பிரதமர் இட்டோ ஹிரோபூமி, பின்னாளில் தைஷோ பேரரசரான இளவரசருக்கு இத்தகைய பையொன்றைப் பரிசளித்ததிலிருந்து இதன் பெருமை பரவிற்று. வெறும் பையே ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ளது. விலை ஐம்பது, அறுபதாயிரம் யென், அதாவது நம் பணத்தில் முப்பதாயிரம் ரூபாய் அளவில் இருக்கும் என்பதை இங்குப் போகிறபோக்கில் குறிப்பிட்டுவிடலாம். இதை வாங்கித் தருவது பெரும்பாலும் தாத்தா பாட்டியின் உரிமை.

பள்ளி ஏப்ரலில் திறக்கும் என்றால், முந்தைய ஆண்டின் இளவேனிலிலேயே கடைகளில் கூட்டம் நெரியும். ஐந்து வயதுப் பிள்ளை நிலைக்கண்ணாடி முன்னே திரும்பித் திரும்பி நிற்க, தோளைவிட அகன்ற பை பின்னுக்கு இழுக்க, தாத்தா தரையில் மண்டியிட்டுத் தோள்வாரின் துளைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க, பாட்டி எல்லாப் பக்கத்திலிருந்தும் படமெடுப்பார். தாய் தந்தையர் சற்றுத் தள்ளி, அழைப்பிதழ் இல்லாமல் கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாதிரி நின்றுகொண்டிருப்பர். பெண்ணுக்குச் சிவப்பு, ஆணுக்குக் கறுப்பு என்ற பழைய நியதி தளர்ந்து, இளஊதாவும் வான்நீலமும் வந்துவிட்டமையால், தாத்தா கறுப்பின் கண்ணியத்தை விளக்கத் தொடங்கி, பேரன் உதட்டைப் பிதுக்கிய மறுகணமே வான்நீலத்தின் அருமையைக் கண்டுகொள்வார்.

அரசும் இந்தப் பாச ஊற்றைக் கவனியாமலில்லை. முதியோரிடம் தேங்கிக் கிடக்கும் செல்வம் இளையோரிடம் இறங்கட்டும் என்று, முப்பது வயதுக்குட்பட்ட பேரப்பிள்ளையின் கல்விக்காகத் தாத்தா பாட்டி ஒன்றரைக் கோடி யென் வரை வரியின்றி வழங்கும் ஏற்பாடு 2013 ஏப்ரலில் கொண்டுவரப்பட்டது. பணத்தை வங்கியில் தனிக்கணக்காக வைத்து, செலவுக்கு ரசீது காட்ட வேண்டியிருந்தது. வேட்டி மடிப்பிலிருந்து பத்து ரூபாயை எடுத்து, “அம்மாவிடம் சொல்லாதே” என்று கையில் திணிக்கும் நம் முறையில் ரசீதுக்கு இடமில்லை.

பாசம் இருக்குமிடத்தைத் திருடரும் அறிவர். தொலைபேசியில் அழைத்து, “நான்தான், நான்தான்” என்று தழுதழுத்த குரலில் ஒருவன் சொல்ல, எதிர்முனையிலுள்ள பாட்டி பதறிப்போய்ப் பேரனின் பெயரைத் தாமாகவே எடுத்துக்கொடுக்க, அந்தப் பெயரை ஏற்றுக்கொண்ட அவன் விபத்து என்றும் கடன் என்றும் அழுது பணத்தைக் கறந்துவிடும் மோசடி ‘ஓரே ஓரே’ எனப்படும். காவல்துறை எச்சரிப்பதும், முதியவர் பெருந்தொகை எடுக்க வந்தால் எதற்கென்று வங்கி ஊழியர் விசாரிப்பதும் இதனால்தான்.

தாத்தா பாட்டியருக்குப் பாடநூலும் உண்டு. சைத்தாமா நகராட்சி வெளியிட்ட கையேடு, குழந்தையை ஓயாமல் தூக்கினால் கைப்பழக்கம் ஆகிவிடும் என்ற பழைய கருத்தைக் கைவிட்டுத் தாராளமாகத் தூக்கச் சொல்கிறது. ஆனால் தாம் வாய்வைத்த கரண்டியால் ஊட்ட வேண்டாம், பற்சொத்தைக் கிருமி தொற்றும் என்கிறது. சட்டைத்துணிக்குள் வைத்துக் கடித்துப் பங்கிடும் நமது காக்காக்கடி பற்றி அக்கையேட்டில் குறிப்பில்லை. தாங்கள் அடுத்தமுறை வரும்போது அதைத் தடையில்லை என்று பொருள்கொள்ளலாம்.

தங்கள் பேரன் வரும் ஏப்ரலில் பள்ளி சேர்கிறான் என்பதும், கடைக்காரப் பெண்மணியிடம் தன் பையை மன்னார்குடித் தாத்தாவே வாங்கித் தருவார் என்று அவன் அறிவித்துவிட்டான் என்பதும் தங்களுக்கு இதுவரை தெரிந்திருக்க நியாயமில்லை. நிறத்தைத் தேர்ந்தெடுக்க, சனிக்கிழமை நம்மூர் நேரப்படி மதியம் ஒரு மணிக்கு, இங்கே நாலரைக்கு, காணொளியில் அழைப்பான். சாப்பாட்டுக்குப் பிந்தைய தூக்கத்தைச் சற்றுத் தள்ளி வைக்கவும். “நான்தான்” என்று குரல் கேட்டால் யாரென்று விசாரிக்கவும். பெயரைத் தாங்களாக எடுத்துக்கொடுத்துவிட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகன்