செய்வதும் நானே, கூலி கொடுப்பதும் நானே

பர்மிங்காம்

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துக் கெடுத்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன். சனிக்கிழமை தோறும் வெள்ளி வேலை கற்றுக்கொள்ளப் போகிறேன். செவ்வாய்பேட்டை கொலுசுப் பட்டறைச் சத்தத்தில் மதியத் தூக்கம் போகிறதென்று சலித்துக்கொண்டவள், கடல் கடந்து வந்து பவுண்டில் பணம் கட்டிச் சுத்தியல் பிடிக்கிறேன். நம் ஊரில் நகை வாங்கினால் செய்கூலி கேட்பார்கள். இங்கே செய்வதும் நானே, கூலி கொடுப்பதும் நானே.

முதல் வகுப்பில் வெள்ளியைக் கண்ணிலேயே காட்டவில்லை. முடியைக் கட்டு, தொங்கும் துணி ஆகாது, கண்ணாடி போடு என்று பாதுகாப்புப் பிரசங்கம்தான். நம் தெரு ஆசாரி லுங்கியோடு உட்கார்ந்து, வாயில் ஊதுகுழலும் காதில் பீடியுமாக வேலை செய்வதை இந்த வாத்தியாரம்மா பார்த்தால் மயங்கி விழுந்துவிடுவார். ரம்ப பிளேடு தலைமுடி கனம்தான் இருக்கும். கொஞ்சம் சாய்த்தால் டிக்கென்று போய்விடும். அதற்கும் அம்மையார் ‘லவ்லி’ என்பார். இந்த ஊரில் திட்டு வாங்குவதென்றால் தனியாகப் பயிற்சி வேண்டும்.

உடன் படிப்பவர்களில் ரிட்டையரான பஸ் டிரைவர் ஒருவர். தன் கல்யாண மோதிரத்தைத் தானே செய்வேன் என்று வந்த மாப்பிள்ளை ஒருவன். அவன் வேலை நகரும் வேகத்துக்கு முகூர்த்தத்தைத் தள்ளிப்போடுவது நல்லது. போன வாரம் அமிலத் தொட்டிக்குள் இரும்புக் குறட்டை விட்டுவிட்டான். அதில் செம்புக் குறடுதான் போடலாம். இரும்பு பட்டதும் தொட்டியில் கரைந்திருந்த செம்பெல்லாம் உள்ளே கிடந்த வெள்ளியில் ஏறி, எல்லோர் மோதிரமும் ரோஸ் நிறமாக வெளியே வந்தது.

பற்றவைப்பதுதான் அக்கா, ருசியான வேலை. வளைத்த மோதிரத்தின் இரு முனைகளையும் சேர்த்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்க்க வேண்டும். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் பற்றாது. திரும்ப அரத்தைப் பிடி. சரியானதும் வெங்காரம் தடவி, எள்ளளவு பற்றுத் துணுக்கை வைத்துத் தீயைக் காட்டினால், வெங்காரம் அப்பளம் போலப் பொரிந்து பொங்கி, பிறகு கண்ணாடியாகத் தெளியும். சட்டென்று இணைப்பு நெடுக ஒரு பளபளப்புக் கோடு ஓடும். அந்த நொடியில் தீயை எடுத்துவிட வேண்டும். 890 டிகிரியைத் தாண்டினால் மோதிரமே உருகி உருண்டையாகிவிடும். பஸ் டிரைவர் தாத்தாவிடம் அப்படி ஓர் உருண்டை இருக்கிறது. கம்மல் என்கிறார்.

வகுப்பு இருக்கும் இடம் ஜுவல்லரி குவார்ட்டர், இந்த ஊர் நகைப்பேட்டை. அங்கே ஸ்மித் அண்ட் பெப்பர் என்ற பழைய வளையல் கம்பெனியை 1981-ல் பூட்டியபோது இருந்தபடியே, டீக்கோப்பை உட்பட, மியூசியமாக வைத்திருக்கிறார்கள். தொழிலாளிகள் கைகழுவிய தண்ணீரைக்கூட விடாமல் துகள் மீட்டவர்கள். எங்கள் மேஜைக்கும் அடியில் தோல் கட்டியிருக்கிறது, அராவிய பொடி அதில் விழ. அம்மையார் அதைத் துடைத்து டப்பாவில் போடும்போது, நம் அம்மா ஆயுசெல்லாம் கொடுத்த சேதாரம் எந்த டப்பாவுக்குப் போனது என்று கேட்கத் தோன்றியது.

ஹால்மார்க் கதையையும் கேள். முன்பு முத்திரைக்குச் செஸ்டர் வரை நகையை அனுப்ப வேண்டியிருந்ததாம். மேத்யூ போல்டன் என்ற முதலாளி பார்லிமெண்ட் வரை போய் மல்லுக்கட்டி, 1773-ல் பர்மிங்காமுக்கே முத்திரை அலுவலகம் வாங்கினார். அதன் சின்னம் நங்கூரம்! கடல் எட்டிக்கூடப் பார்க்காத ஊர் இது. லண்டனில் ‘கிரவுன் அண்ட் ஆங்கர்’ என்ற விடுதியில் கூடிப் பேசியவர்கள், பூவா தலையா போட்டு கூடவே அலுவலகம் வாங்கிய ஷெஃபீல்டுக்குக் கிரீடமும் பர்மிங்காமுக்கு நங்கூரமும் பிரித்துக்கொண்டதாகச் சொல்கிறார்கள். இன்றைக்கும் 7.78 கிராமுக்கு மேற்பட்ட பொருளை முத்திரையில்லாமல் வெள்ளி என்று விற்கக் கூடாது. என் மோதிரம் நாலு கிராம்தான். அந்தச் சட்டத்துக்கும் அது ஒரு பொருட்டில்லை.

அடுத்து மெட்டி செய்யப் போகிறேன். இங்கே விரல் அளவெல்லாம் ஏ, பி, சி என்று எழுத்தில் இருக்கிறது. கால் விரலுக்கு எந்த எழுத்தோ, எனக்குத் தெரியாது. உன் விரலில் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டுத் தபாலில் அனுப்பு. இரண்டு காலுக்கும் தனித்தனியாகச் சுற்று. செய்கூலி, சேதாரம் கிடையாது என்று மாமாவிடம் சொல். இரண்டு மெட்டியும் ஒரே மாதிரி இருக்கும் என்று மட்டும் சொல்லிவிடாதே.

அன்புத் தங்கை