ஏசி உண்டுங்க, வாத்தியாரு இருக்காருங்களா?

மேல்படிப்புக்குக் கல்லூரி தேடிக் கோவைக்கு வருகிறவர்களிடம் முதலில் விற்கப்படுவது சிறுவாணித் தண்ணீர். அடுத்து பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. அதற்கும் மேல், விடுதி: ஏசி அறை, ஞாயிற்றுக்கிழமை பிரியாணி, துணி துவைக்க மெஷின். பளபளப்பான தாளில் எல்லாம் வண்ணத்தில் அச்சாகியிருக்கும். பாடம் நடத்துகிறவர்களின் பட்டியலும் எங்கேயாவது ஒரு மூலையில் இருக்கும். அதை மட்டும் ஜோசியரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும், ஆள் உண்டா இல்லையா என்று.

2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் அந்தப் பட்டியல்களை வெளியே இழுத்துப் போட்டது. அண்ணா பல்கலைக்கழக இணைப்புப் பொறியியல் கல்லூரிகளில் 353 பேர் ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரப் பேராசிரியர்கள். மாநிலமெங்கும் 224 கல்லூரிகள் இதில் சம்பந்தப்பட்டிருந்தன. ஒரே மனிதர் பத்துக்கும் மேற்பட்ட இடங்களில் முழுநேரம். மருதமலைப் பாம்பாட்டிச் சித்தருக்குக்கூட இத்தனை உடம்பு வாய்த்திருக்காது. ஆண்டுதோறும் ஆய்வுக்கு வந்து, சாப்பிட்டு, அங்கீகாரம் கொடுத்துவிட்டுப் போன குழுக்கள் யார் கையைக் குலுக்கின? பி.இ. பையனாவது கூட்டத்தோடு தப்பிப்பான். எம்.இ. மாணவிக்கு வழிகாட்டிதான் கல்லூரி. அவரே காகிதத்தில் மட்டும் இருந்தால் அவள் ஆய்வேட்டை எந்தச் சுவரிடம் காட்டுவாள்?

கல்லூரிகளுக்குத் தரம் போடும் மத்திய அமைப்பான நாக் தந்த தரத்தைப் பார்த்துச் சேரலாமே என்பீர்கள். 2025 பிப்ரவரியில் ஆந்திராவில் தரம் போடப் போன நாக் குழுவினரையே லஞ்ச வழக்கில் சி.பி.ஐ. பிடித்தது. தரத்துக்கே தரம் பார்க்க வேண்டிய காலம்.

சரி, தனியார் சகவாசமே வேண்டாம் என்று மருதமலை அடிவாரத்துக்குப் போவோம். 1982இல் தொடங்கிய பாரதியார் பல்கலைக்கழகம். உதவிப் பேராசிரியர் வேலைக்கு 30 லட்சம் லஞ்சம் என்ற புகாரில் 2018 பிப்ரவரியில் அன்றைய துணைவேந்தரை லஞ்ச ஒழிப்புத் துறை கைது செய்தது. ரொக்கம் 1 லட்சமாம், மீதி 29 லட்சத்துக்குக் காசோலையாம். லஞ்சத்துக்கும் தவணை வசதி. தொழில் நகரம் அல்லவா! அடுத்து வந்தவரின் பதவிக்காலம் 2022 அக்டோபரில் முடிந்தது. யார் நியமிப்பது என்று ஆளுநரும் அரசும் மல்லுக்கட்டியதில் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக அந்த நாற்காலி காலியாகவே கிடந்தது. (அந்த வளாகத்துக்குள் யானை வரும், போகும். அதற்கு யார் ஒப்புதலும் தேவைப்படவில்லை.)

இங்கே நல்ல இடமே இல்லையா? ஏன் இல்லை! 1912இலேயே கரும்பு இனப்பெருக்க நிலையம் வந்த ஊர் இது. வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிறது, அரசுப் பொறியியல் கல்லூரியான ஜி.சி.டி. இருக்கிறது, பி.எஸ்.ஜி. இருக்கிறது. இவ்வளவு சொத்து உள்ள ஊரில் பேய் வாத்தியார்களையும் சகித்துக்கொண்டு கும்பிடு போடுகிறோமே, அதுதான் வயிற்றெரிச்சல்.

இனி குடியிருப்பு. கேட் தேர்வில் தேறி எம்.இ. சேருகிறவருக்கு தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ. தருவது மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. தேறாதவருக்கு அதுவும் இல்லை. அதை மடியில் முடிந்துகொண்டு பீளமேட்டிலோ சரவணம்பட்டியிலோ அறை தேடட்டும். வாடகை பேசுவதற்கு முன்பே விசாரணை தொடங்கிவிடும். "எந்த ஊருங்க? ஊர்ல எந்தப் பக்கமுங்க? அப்பா பேரு என்னங்க? நீங்க என்ன ஆளுங்க?" பதில் பிடிக்காவிட்டால், "இப்பத்தானுங்க ஒருத்தருக்குச் சொல்லிட்டோம், தப்பா நெனச்சுக்காதீங்க." ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. எங்கள் ஊர் மரியாதை அப்படி.

மரியாதை போதாத இடங்களும் உண்டு. 2015 ஜூன் 23 அன்று, பொறியியல் படித்து முடித்த ஓமலூர் கோகுல்ராஜ், கூடப் படித்த பெண்ணோடு திருச்செங்கோடு கோயிலில் பேசிக்கொண்டிருந்தார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் தலை துண்டிக்கப்பட்ட உடலாகக் கிடந்தார். 2016 மார்ச் 13 அன்று, பொள்ளாச்சியில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த சங்கரை உடுமலைப்பேட்டையில் நடுவீதியில் பட்டப்பகலில் வெட்டினார்கள். உடன் படித்த கௌசல்யாவை மணந்து எட்டு மாதம். கேமரா பார்த்துக்கொண்டிருந்தது, ஊரும் பார்த்துக்கொண்டிருந்தது. இருவரும் தலித்துகள். இருவரும் செய்த குற்றம், கூடப் படித்தவளைத் தங்களுக்குச் சமமாக நினைத்தது.

எந்த விளம்பரப் புத்தகத்திலாவது இந்தத் தட்பவெப்பம் அச்சாகியிருக்கிறதா?

ஆனால் சேர்க்கைக் கூடத்தில் கேட்டுப் பாருங்கள், அப்பாமார்களுக்கு இது நன்றாகவே தெரியும். நூலகத்தைப் பற்றி வாய் திறக்காதவர், ஆய்வகத்துப் பக்கம் தலை வைக்காதவர், மேஜை மேல் சாய்ந்து குரலைத் தாழ்த்திக் கேட்பார்: "பசங்களும் பிள்ளைகளும் பேசிக்கிறதெல்லாம் இங்க எப்படிங்க?"

"ரொம்ப ஸ்ட்ரிக்ட்டுங்க. படிக்கட்டே தனித்தனிங்க."

செக் புத்தகம் வெளியே வந்துவிடும்.