நீட் ரிப்பீட்: குடும்பமே கூடி முடிவெடுப்பது எப்படி?

ரிசல்ட் வந்த அன்று பிள்ளையிடம் எதையும் கேட்டுவிடாதீர்கள். மறுபடி நீட் எழுதுவதா வேண்டாமா என்பது குடும்பத்துக்கே பெரிய விஷயம். அதில் எழுதப்போகிறவளுக்கு என்ன வேலை? அவள் கதவைச் சாத்திக்கொண்டு அழட்டும். நீங்கள் திண்ணைக்கு ஆள் சேருங்கள். ஓசூரில் கம்பெனி வேலை பார்க்கும் சித்தப்பா, அரூரில் புளி வியாபாரம் செய்யும் மாமா (அது நான்தான்), வழியில் போன எல்.ஐ.சி. ஏஜென்ட் என்று மூன்று பேர் இருந்தால் போதும், சபை கூடிவிட்டது.

முதலில் மார்க்கை ஒப்பிட வேண்டும். அதற்கு எதிர்வீட்டுப் பையன் போன வருஷம் எடுத்த மார்க்தான் தோது. அவன் தனியார் பள்ளியில் படித்தவன். நம் பெண்ணோ ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வருகிறவள். அவளுக்குக் கட்-ஆஃப் வேறு, அந்த ஒதுக்கீட்டில் தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் கட்டணத்தை அரசே ஏற்கும். இதையெல்லாம் யாராவது சொல்ல வந்தால் டீ வாங்கிவர அனுப்பிவிடுங்கள். பேச்சின் ருசி கெட்டுவிடும். எந்த வருஷத்து மார்க் என்றும் பார்க்காதீர்கள். 2024-ல் முதலில் வந்த பட்டியலில் 720-க்கு 720 வாங்கியவர்கள் 67 பேர். 2025-ல் பிசிக்ஸ் போட்ட போட்டில் நாட்டின் முதல் மார்க்கே 686. பாலக்கோடு மண்டியில் போன வருஷத்துத் தக்காளி விலையைச் சொல்லிக் கூடை கேட்டால் சிரிப்பார்கள். அந்த விவரம் தெரிந்த நமக்கு மார்க் விஷயத்தில் மட்டும் புத்தி வேலை செய்யாது.

அடுத்தது பணம். நாமக்கல் பக்கம் ஹாஸ்டலோடு ஒரு வருஷம் கோச்சிங் என்றால் எந்த நகை, எவ்வளவு வட்டி என்பதைப் பிள்ளை சாப்பிட உட்காரும்போது, காதில் விழுகிற மாதிரி பேச வேண்டும். சோறு இறங்கக் கூடாது. நீட்டின் தாக்கத்தை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-ல் கொடுத்த அறிக்கையைப் பாருங்கள். தமிழ்நாட்டில் மருத்துவம் சேர்ந்தவர்களில், பிளஸ் டூ முடித்து வருஷம் தள்ளி வந்தவர்கள் 2016-17-ல் 12.47 சதவீதம், 2020-21-ல் 71.42. ஆக, ரிப்பீட் என்பது தோற்றவர்கள் போகிற குறுக்குச் சந்து இல்லை, அதுதான் இப்போது மெயின் ரோடு. சுங்கச்சாவடி வைத்த ரோடு. ஒரு வருஷம் சம்பாதிக்காமல் உட்கார வைத்துச் சோறு போட வக்குள்ள வீட்டுக்கு அது திறக்கும். இதைப் படித்துவிட்டு, 'உனக்கு மண்டையில் ஏறல' என்று பிள்ளையையே திட்டுவது மரபு.

அதியமான்கோட்டை காலபைரவருக்குத் தேய்பிறை அஷ்டமியில் சாம்பல் பூசணி விளக்கு போட்டுவிட்டு வாருங்கள், நல்லதுதான். ஆயுள் நீட்டும் நெல்லிக்கனியை ஔவைக்கு எந்த நுழைவுத் தேர்வும் வைக்காமல் அதியமான் கொடுத்த தருமபுரி மண் இது. 2008-லிருந்து இங்கே அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பிள்ளைக்குக் கேட்கும்படி ஒரு பெருமூச்சு விடவும்.

செய்யவே கூடாத காரியம் ஒன்று உண்டு. வினாத்தாளையும் விடைக்குறிப்பையும் வைத்துக்கொண்டு எண்ணிப் பார்ப்பது. 180 கேள்வி, சரிக்கு 4, தப்புக்கு 1 கழியும். தப்பானதில் தெரியாமல் அடித்துவிட்டது எத்தனை, தெரிந்தும் அவசரத்தில் கோட்டைவிட்டது எத்தனை, பாடமே எடுபடாதது எத்தனை என்று பிரித்தால், இன்னொரு வருஷத்தால் எது மாறும், எது மாறாது என்று தெரிந்துவிடும். அப்புறம் திண்ணைக்கு என்ன வேலை? தவிர, எத்தனை முறை எழுதலாம் என்று வரம்பு கிடையாது. உச்ச வயதையும் 2022-ல் எடுத்துவிட்டார்கள். போதும் என்று சட்டம் சொல்லாது, நாமும் சொல்ல மாட்டோம்.

இந்த இடத்தில் விளையாட்டை நிறுத்திக்கொள்கிறேன். 2020 செப்டம்பரில், தேர்வுக்கு முந்தைய நாள், தமிழ்நாட்டில் மூன்று பிள்ளைகளை இழந்தோம். ஒருவர் நம் தருமபுரிப் பிள்ளை. முதலில் சொன்ன அந்தக் கதவு ரொம்ப நேரம் சாத்தியே இருந்தால் போய்த் தட்டுங்கள். 104-க்குப் போன் போட்டால் ஆலோசகர் பேசுவார்.

எல்லோரும் பேசி முடித்த பிறகு பிள்ளையைக் கூப்பிடலாம். எங்கள் திண்ணைக்கு என் அக்கா மகள் ஒரு தாளோடு வந்தாள்.

"மாமா, 41 தப்பு. அதுல 26 சும்மா அடிச்சுவிட்டது, பாதிக்கு மேல பிசிக்ஸ். ஹாஸ்டல் வேண்டாம், ஒரே ஒரு வருஷம் வீட்லயே படிக்கிறேன். வரலைன்னா விட்டுடுவேன். நர்சிங்குக்கும் அப்ளிகேஷன் போட்டு வெச்சிருக்கேன்."

"எப்ப கண்ணு போட்ட?"

"நீங்க எதிர்வீட்டு அண்ணன் மார்க்கைப் பேசிக்கிட்டு இருந்தீங்கல்ல, அப்ப."