சும்மா ஒரு டர்போ

மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரின் கடைசித் தலைமுறை 1991-இல் ஜப்பானில் வந்தபோதே 255 குதிரைத்திறன். எஞ்சினோ வெறும் 1308 சிசி. பிஸ்டன் கிடையாது, முக்கோண ரோட்டர் இரண்டு. ஆயிலையும் கொஞ்சம் குடிக்கும். அது கோளாறு அல்ல, குணம். உள்ளே உரசும் சீல்களுக்காக அப்படித்தான் வடிவமைத்தார்கள்.

டர்போவும் இரண்டு. சின்ன வேகத்திலேயே முதலாவது உழைக்கத் தொடங்கிவிடும். இரண்டாவது மூத்த மாப்பிள்ளை மாதிரி: 4500 சுற்றை நெருங்கி, இலை போட்ட பிறகே வரும். இவர்களுக்குள் சமாதானம் பேச எஞ்சின் மேல் ஒரு குழாய்க் காடு.

இரண்டையும் கழற்றிவிட்டுப் பெரிதாக ஒன்றை மாட்டுவதுதான் ரசிகர்களின் மோட்சம். “டர்போ மட்டும்தான்” என்று உரிமையாளர் வீட்டில் சொல்லியிருப்பார். காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டுமே? இன்ஜெக்டர் வரும், பம்ப் வரும். அழுத்திய காற்று கொதிக்குமே? இன்டர்கூலர் வரும். ஏற்கெனவே கொதிக்கும் எஞ்சினுக்குப் பெரிய ரேடியேட்டர். இத்தனைக்கும் கணக்குப் பார்க்கப் புது கணினி. அப்புறம் கிளட்ச் கைவிரிக்கும். யானையை வாங்குபவர் அங்குசத்தின் விலையை மட்டும் விசாரித்துவிட்டு வந்த கதை.

பெரிய டர்போ விழிக்க நேரமெடுக்கும். அந்தத் தாமதத்தை ஒழிக்கத்தான் தொழிற்சாலையில் இரண்டு வைத்தார்கள் என்பதை இங்கே நினைவூட்டுவது அநாகரிகம்.

ரோட்டரின் ஒவ்வொரு முனையிலும் மெல்லிய சீல் ஒன்று, மொத்தம் ஆறு. பெட்ரோல் குறைந்து கலவை தப்பான நேரத்தில் வெடித்தால் சீல் படக்கென்று உடையும். எஞ்சின் இறங்கும். பிரித்துப் போட்ட பாகங்களின் முன் உட்கார்ந்து உரிமையாளர் யோசிப்பார்: “எப்படியும் பிரித்தாயிற்று, இன்னும் கொஞ்சம் பெரிய டர்போவாகவே போட்டுவிட்டால் என்ன?”