சம்பைப் பிடுங்குமுன் வாய்க்காலைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் ஏரியில் ஆள் உயரத்துக்கு மேல் சம்பு மண்டிவிட்டது. ஜேசிபி வரவழைத்து வேரோடு தோண்டிப் போட ஊரே வசூல் செய்கிறது. நானும் ஐந்நூறு ரூபாய் கொடுக்கலாமா?

பதில்: கொடுங்கள், ஏரிக்கு வரும் வாய்க்காலை ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு. சம்பங்கோரை, யானைக்கோரை என்றும் சொல்லப்படும் இந்தச் செடி, நீண்ட பட்டை இலைகளும் உச்சியில் பழுப்பு நிற உருளைக் கதிருமாக நிற்பது, ஒரு நீர்நிலையில் எவ்வளவு பரவும் என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன. தண்ணீரில் எவ்வளவு சத்து கரைந்திருக்கிறது, தண்ணீர் எப்படி ஏறி இறங்குகிறது, செடியைத் தின்னவும் மிதிக்கவும் யார் இருக்கிறார்கள். பாசனத்துக்காக வெட்டிய ஏரி மழையில் நிறைந்தது, மடை திறந்தபின் இறங்கியது, கோடையில் தரை வெடிக்கக் காய்ந்தது. காய்ந்த தரையில் மாடு மேய்ந்தது, வயலுக்கு வண்டல் அள்ளிப் போனார்கள். அங்கே சம்பு ஓரமாகத்தான் நின்றது. அதே ஏரிக்குள் இப்போது வீடுகளின் கழிவுநீர் வருடம் முழுவதும் வருகிறது என்றால், கோடையிலும் முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும், அதில் நைட்ரஜனும் பாஸ்பரசும் நிறைந்திருக்கும், நாற்றத்தில் மாடும் இறங்காது. சம்பு கேட்பது முழுவதையும் நாமே கொடுத்துவிடுகிறோம்.

இந்த நிலையில் ஜேசிபியை மட்டும் இறக்கினால் என்ன நடக்கும்? சம்பின் உயிர் சேற்றுக்குள் படுக்கையாக ஓடும் தண்டுக்கிழங்கில் இருக்கிறது. பொக்லைன் வாளி அதைத் துண்டு துண்டாக அறுக்கும், மிச்சம் கிடக்கும் துண்டுகள் ஒவ்வொன்றும் மறுபடி துளிர்க்கும். அதோடு, முதிர்ந்த கதிர் ஒன்றில் லட்சத்துக்கும் மேற்பட்ட விதைகள் பஞ்சோடு பறக்கக் காத்திருக்கின்றன. அந்த விதை முளைக்க வேண்டியது வெளிச்சம் படும் ஈரச் சேறு. தோண்டிய ஏரியில் வேறென்ன இருக்கும்? கழிவுநீர் நிற்காதவரை உங்கள் ஐந்நூறு ரூபாய்க்கு ஆயுள் ஓரிரு வருடம்தான்.

கேள்வி: பிரச்சினை சாக்கடை என்கிறீர்கள். செடி பரவினால் செடியைக் குறை சொல்லாமல் தண்ணீரைக் குறை சொல்வதற்கு ஆதாரம் உண்டா, அல்லது செடிப் பாசமா?

பதில்: ஆதாரம் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இருக்கிறது, அதுவும் நீதிமன்றம் வரை போய் வந்த ஆதாரம். எவர்கிளேட்ஸ் என்ற மாபெரும் சதுப்பு வெளியில் இயல்பாக ஆட்சி செய்தது அரம்போன்ற விளிம்புள்ள ஒரு கோரை; அரக்கோரை என்று வைத்துக்கொள்வோம். சம்பும் அங்கே மண்ணின் செடிதான், வெளியூரிலிருந்து வந்ததில்லை. ஆனால் முதலைகள் தோண்டிய குழிகளின் ஓரம், சேறு கலைந்த இடங்கள் என்று திட்டுத் திட்டாகவே இருந்தது. காரணம், அந்தத் தண்ணீர் மிகவும் சத்தில்லாத தண்ணீர். அரக்கோரை பட்டினி கிடந்தே வாழப் பழகியது, சம்புக்கு அந்தப் பட்டினி ஒத்துவராது. பிறகு வடக்கே சதுப்பை வடித்து, சுமார் 2,80,000 ஹெக்டேரில் வேளாண் பகுதி உருவானது. பெரும்பாலும் கரும்பு. வயலிலிருந்து வடிந்த தண்ணீர் பாஸ்பரசைச் சுமந்துகொண்டு கால்வாய் வழியே சதுப்புக்குள் இறங்கியது. இறங்கிய இடத்திலிருந்து சம்பு அரக்கோரையைத் தள்ளிக்கொண்டு முன்னேறியது. கால்வாய் வாயருகே சம்பு அடர்த்தி, உள்ளே போகப் போகக் குறைவு. சேற்றிலிருந்த பாஸ்பரசை அளந்தபோது அதுவும் அதே வரிசையில் குறைந்துகொண்டே போனது. இதைவிடத் தெளிவாக ஒரு செடி தன் காரணத்தைக் காட்ட முடியாது.

1988-இல் அமெரிக்க மத்திய அரசு இதற்காக வழக்குத் தொடுத்தது. 1994-இல் ஃபுளோரிடா மாநிலம் எவர்கிளேட்ஸுக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. அதன் வழியாகப் பின்னர் நிர்ணயித்த பாஸ்பரஸ் வரம்பு நூறு கோடிப் பங்கில் 10 பங்கு. நம் ஊர்க் கணக்கில், 12,000 லிட்டர் தண்ணீர் லாரி முழுவதிலும் சேர்த்து 120 மில்லிகிராம். விரல் நுனியில் அடங்கும் அளவு. அதைத் தாண்டினாலே அந்தச் சதுப்பின் செடிகளும் பாசிகளும் மாறத் தொடங்கிவிடுகின்றன. நம் வீட்டுக் கழிவுநீரில், சோப்பும் மலமும் சேர்ந்து, லிட்டருக்குச் சில மில்லிகிராம் பாஸ்பரஸ் சாதாரணமாக இருக்கும். அந்த வரம்பைவிடப் பல நூறு மடங்கு. சென்னையின் பள்ளிக்கரணை சதுப்பு 2022-இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏறியது நல்ல செய்தி. ஆனால் குப்பைக் கிடங்கையும் கழிவுநீரையும் தாங்கிக்கொண்டிருக்கும் அந்தச் சதுப்பில் சம்பு அடர்ந்து நிற்பதைப் பார்த்து நாம் செடியிடம் கோபப்படுவதில் நியாயமில்லை.

கேள்வி: சம்பு கழிவுநீரையே சுத்தம் செய்யும் என்று படித்தேன். அப்படியானால் ஏரி முழுவதும் வளரட்டுமே! இலவசச் சுத்திகரிப்பு நிலையத்தை யாராவது பிடுங்குவார்களா?

பதில்: படித்தது உண்மை. எந்த எவர்கிளேட்ஸில் சம்பு படையெடுத்ததோ, அதே எவர்கிளேட்ஸின் வாசலில் அதையே வேலைக்கு வைத்திருக்கிறார்கள். வேளாண் பகுதிக்கும் சதுப்புக்கும் நடுவே 20,000 ஹெக்டேருக்கும் மேல் செயற்கைச் சதுப்புகளை அமைத்து, வயல் வடிகாலை அதற்குள் விட்டு, முதல் பாத்திகளில் பெரும்பாலும் சம்பும் அடுத்த பாத்திகளில் நீருக்குள் மூழ்கி வளரும் செடிகளும் பாஸ்பரசை எடுத்துக்கொண்ட பிறகே தண்ணீரைச் சதுப்புக்கு அனுப்புகிறார்கள். ஒரே செடி, வாசலில் நின்றால் உதவி, கூடத்தை நிறைத்தால் இடைஞ்சல்.

சம்பு இதைச் செய்யும் விதம் மிக நேர்த்தியானது. சேற்றுக்குள் ஆக்ஸிஜன் கிடையாது. பெரும்பாலான செடிகளின் வேர் அங்கே அழுகிவிடும். சம்பின் இலைக்குள் காற்றறைகள் இருக்கின்றன. இளம் இலைகள் காற்றை உள்ளிழுத்து அழுத்தத்தோடு கீழே தண்டுக்கிழங்குக்கு அனுப்ப, பழைய இலைகளும் ஒடிந்த தண்டுகளும் அதை வெளியே விடுகின்றன. இப்படி வேர் வரை வரும் ஆக்ஸிஜனில் கொஞ்சம் சேற்றில் கசிகிறது. அந்த இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள் கழிவிலுள்ள அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அடுத்த விரற்கடையில் ஆக்ஸிஜன் இல்லாத சேற்றில் வேறு பாக்டீரியாக்கள் அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றுக்கே திருப்பி அனுப்பிவிடுகின்றன. நைட்ரஜன் கணக்கு அதோடு முடிந்தது.

பாஸ்பரசின் கணக்கு அப்படி முடியாது. அது வாயுவாகிப் பறக்காது. செடி உறிஞ்சியதில் பெரும்பகுதி செடிக்குள்ளேயே இருக்கும். செடி காய்ந்து ஏரிக்குள் விழுந்து அழுகினால், அதில் பெரும்பங்கு தண்ணீருக்கே திரும்பிவிடும், மிச்சம் சேற்றில் படியும். எனவே அறுத்துக் கரையேற்றினால்தான் சுத்திகரிப்பு, விட்டுவிட்டால் வெறும் தள்ளிவைப்பு. கனடாவில் வினிபெக் ஏரியின் தெற்கே நெட்லி-லிபாவ் சதுப்பில் சம்பை அறுத்து வெளியேற்றினார்கள். ஏரிக்குப் போகும் பாஸ்பரசும் குறையும், அறுத்ததை எரிபொருளாகவும் பயன்படுத்தலாம் என்பது திட்டம். அறுக்காத சம்பு வருடா வருடம் விழுந்து மட்கி ஏரியின் தரையை உயர்த்தும். பாசன ஏரிக்கு அது கொள்ளளவு இழப்பு. சுத்திகரிப்பு வேண்டுமானால் ஏரிக்குள் கழிவுநீர் நுழையும் வாயில் தனிப் பாத்தி கட்டிச் சம்பு வளர்த்து, குறித்த காலத்தில் அறுங்கள். ஏரியையே பாத்தியாக்காதீர்கள். ஆலைக் கழிவு கலக்கும் இடமானால் அறுத்த சம்பை மாட்டுக்குப் போட வேண்டாம், உலோகங்களையும் அது சேர்த்து வைத்திருக்கும்.

கேள்வி: வெட்டு, அறு, தோண்டு என்று மனிதன் கை வைப்பதுதானே எல்லாக் கேட்டுக்கும் காரணம்? வேலி போட்டு விட்டுவிட்டால் இயற்கை தன்னைத் தானே சரிசெய்துகொள்ளாதா?

பதில்: இந்தக் கேள்வியின் பின்னால் உள்ள அக்கறையை மதிக்கிறேன், ஆனால் வேலி போட்டுப் பார்த்தவர்களின் அனுபவம் வேறு மாதிரி. கோஸ்டாரிக்காவின் பாலோ வெர்டே சதுப்பு ஒரு காலத்தில் பெரும் மாட்டுப் பண்ணையின் பகுதி. வாத்துகள் கூட்டம் கூட்டமாக வந்திறங்கிய இடம். தேசியப் பூங்காவாக்கி மாடுகளை வெளியேற்றிய பிறகு, ஒரு பத்தாண்டுக்குள் சம்பு சதுப்பை ஏறக்குறைய முழுதாக மூடிவிட்டது. வாத்து இறங்கத் திறந்த தண்ணீர் இல்லை. பிறகு இரும்புத் துடுப்புச் சக்கரம் பூட்டிய டிராக்டரை இறக்கி, சம்பைத் தண்ணீருக்கடியில் மிதித்து அழுத்தித்தான் தண்ணீரைத் திரும்பக் கண்டார்கள். நம் நாட்டிலும் இதே பாடம் கசப்பாக வந்தது. ராஜஸ்தானின் பரத்பூர் பறவைகள் சரணாலயத்தில் 1982-இல் எருமை மேய்ச்சலுக்குத் தடை விதித்தார்கள். தடையால் மூண்ட மோதலில் உயிர்களே போயின. அங்கே மண்டியது சம்பில்லை, ஒரு நீர்ப்புல். ஆனால் விளைவு ஒன்றுதான், திறந்த நீர்ப்பரப்பு மூடிப்போனது. சரணாலயத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், எருமைகளை வெளியேற்றியது பறவைகளுக்கு நன்மை செய்யவில்லை என்ற முடிவுக்கு வந்தது. உயிர்களைப் பலி வாங்கிய ஒரு தடை, பறவைகளுக்கும் பயன்படாமல் போனது.

எருமை இருந்தால்தான் இயற்கையா என்று கேட்பீர்கள். வட அமெரிக்காவில் அந்த வேலையைக் கஸ்தூரி எலி என்ற நீர்ப்பிராணி செய்கிறது. சம்பைத் தின்று, அதையே வெட்டி வீடு கட்டி, அடர்ந்த சம்புக்குள் திறந்த குளங்களை உண்டாக்குகிறது. அங்கே ஐயோவா மாநிலத்துச் சதுப்புகளை ஆராய்ந்த வெல்லரும் ஸ்பாட்சரும் 1965-இல் வெளியிட்ட முடிவு இன்றும் பறவை ஆர்வலர்களுக்கு அளவுகோல்: செடியும் திறந்த தண்ணீரும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி கலந்து கிடக்கும்போதுதான் பறவை வகையும் எண்ணிக்கையும் உச்சத்தில் இருக்கின்றன. முழுச் சம்பும் வெறுமை, முழுத் தண்ணீரும் வெறுமை. நம் ஏரிகளிலும் இதைப் பார்க்கலாம். நீலத் தாழைக்கோழி சம்பின் குருத்தைத் தின்று அதற்குள்ளேயே கூடு கட்டும். மஞ்சள் குருகு சம்பின் தண்டைப் பற்றியபடி அசையாமல் நின்று மீன் பிடிக்கும். தூக்கணாங்குருவி இனத்தில் மார்பில் கோடு போட்ட ஒன்று பனையைத் தேடாமல் சம்பிலேயே கூடு பின்னும். மறுபக்கம் ஊசிவால் வாத்தும் கிளுவையும் முக்குளிப்பானும் பூநாரையும் திறந்த தண்ணீர் இல்லாவிட்டால் இறங்காது. விரால் மீனுக்கு இரண்டும் வேண்டும்.

கேள்வி: பறவை இருக்கட்டும் சார். சம்பால் கொசு, டெங்கு! அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பதில்: டெங்குக் கொசு உங்கள் மொட்டைமாடித் தொட்டியிலும் பழைய டயரிலும் பிறக்கிறது, சதுப்பில் பிறப்பதில்லை. நகரத்து மலேரியாக் கொசுவும் மேல்நிலைத் தொட்டியையும் கிணற்றையும் விரும்பும். சம்பு வேரில் குழலைச் செருகி மூச்சு வாங்கும் கொசுப்புழு வகைகள் உண்டு, அதை மறுக்கவில்லை. சாக்கடை நீர் தேங்கினால் யானைக்கால் நோய் பரப்பும் கொசு பெருகுவதும் உண்மை. அந்தப் புழுக்களைத் தின்னும் மீனும் தும்பியின் இளம் புழுக்களும் உள்ளே போய்வர அடர்த்திக்கு நடுவே நீர்வழி வேண்டும். ஆகவே இந்தக் கேள்விக்கும் விடை அதேதான்: கழிவுநீரை நிறுத்துங்கள், சம்பைத் திட்டுத் திட்டாக வையுங்கள்.

கேள்வி: சுற்றி வளைத்தது போதும். வெட்டலாமா, கூடாதா? வெட்டினால் எப்படி?

பதில்: வெட்டலாம், பாதியை. வெட்டும் முறையைச் சம்பின் மூச்சுக் குழாயே சொல்லிக் கொடுக்கிறது. இலைவழி காற்று இறங்கினால்தான் கிழங்கு பிழைக்கும். ஆகவே பச்சைத் தண்டு, காய்ந்த தண்டு இரண்டையும் நீர்மட்டத்துக்குக் கீழே அறுத்து, அறுத்த முனை தொடர்ந்து மூழ்கிக் கிடக்கும்படி செய்தால் கிழங்கு மூச்சுத் திணறிச் சாகும். மிச்சம் தப்பித் துளிர்த்தால் மறுபடி ஒருமுறை. கிழங்கில் சேர்த்த மாவுச்சத்து கதிர் விடும் பருவத்தில் குறைந்திருக்கும், அப்போது அறுத்தால் பலன் அதிகம். நம் பக்கத்து ஏரிகளுக்கு இன்னொரு வசதி உண்டு. வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன், நீர் தாழ்ந்திருக்கும்போது ஒட்ட அறுத்துவிட்டால் மேலே தண்ணீரை நிறுத்தும் வேலையை மழையே செய்துவிடும். கூட்டில் முட்டையோ குஞ்சோ இருக்கும் திட்டுகளை அந்த முறை விட்டுவிடுங்கள். கரையோரம் ஒரு பட்டையும் உள்ளே சில தீவுகளும் நிற்கட்டும், அலை கரையை அரிப்பதையும் அது தடுக்கும். களைக்கொல்லி தெளிக்க யாராவது யோசனை சொன்னால், அந்தத் தண்ணீரில் மீன் பிடிப்பவரும் மாடு கழுவுபவரும் யார் என்று கேளுங்கள். மருந்தில் செத்த சம்பும் ஏரிக்குள்ளேயே அழுகித் தன் பாஸ்பரசைத் திருப்பிக் கொடுக்கும் என்பதையும் சொல்லுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வாய்க்கால். தமிழ்நாட்டில் உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 அன்றும் கிராம சபை கூடுகிறது. ஏரியைத் தூர்வாரும் தீர்மானத்தோடு சேர்த்து, எந்தத் தெருவின் கழிவுநீர் எந்த மதகு வழியாக ஏரிக்குள் வருகிறது, அது எந்தத் தேதிக்குள் நிற்கும் என்பதையும் தீர்மானத்தில் எழுத வையுங்கள். ஐந்நூறு ரூபாயை அதன் பிறகு கொடுங்கள்.