இரண்டு அங்குலக் காதல்

கேள்வி: அமெரிக்காவில் பழைய குட்டைக்குழல் ரிவால்வர்களைத் தேடித் தேடிச் சேர்க்கிறார்களாமே, அந்த இரண்டு அங்குலக் குழலில் அப்படி என்னதான் இருக்கிறது?

பதில்: குறி தப்புவதற்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது! குழல் குட்டையானால் குறிபார்க்கும் முன்முனைக்கும் பின்முனைக்கும் இடைவெளி குறைவு. கை லேசாக ஆடினாலும் தோட்டா வேறு திசைக்குப் போய்விடும். ஆனால் சேகரிப்பவர் எங்கே சுடப்போகிறார்? துடைத்துத் துடைத்துப் பூட்டி வைப்பதோடு சரி.

1927-ல் கோல்ட் நிறுவனம் கொண்டுவந்த 'டிடெக்டிவ் ஸ்பெஷல்' இவர்களுக்குக் குலதெய்வம் மாதிரி. ஆறு தோட்டா; கோட்டுப் பைக்குள் அடங்கிவிடும். 1950-ல் போட்டிக் கம்பெனியான ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஒரு தோட்டாவைக் குறைத்து, ஐந்தோடு 'சீஃப்ஸ் ஸ்பெஷல்' செய்தது. உருளை மெலிந்தது, மறைப்பது இன்னும் சுலபமானது.

வாங்குபவர் முதலில் பார்ப்பது உலோகத்தின் மேலுள்ள அந்தக் கருநீல மெருகைத்தான். தேய்ந்திருக்கலாம், ஆனால் அசலாக இருக்க வேண்டும். புதிதாக மெருகேற்றிப் பளபளக்க வைத்தால் விலை பாதாளத்துக்குப் போகும். (சினிமா நட்சத்திரங்களுக்கு இந்த விதி பொருந்தாது.) கடையில் கொடுத்த அட்டைப்பெட்டியும் கூடவே இருந்தால் யோகம்தான்.

பொருளைவிடக் கதைக்குத்தான் காசு. அமெரிக்க அதிபர் கென்னடி கொலையில் பிடிபட்ட ஆஸ்வால்டை 1963-ல் ஜாக் ரூபி சுட்டது 'கோல்ட் கோப்ரா' என்ற குட்டைக்குழல் ரிவால்வரால். வாங்கிய விலை 62 டாலர் 50 சென்ட். 1991-ல் அது ஏலம் போனது 2,20,000 டாலருக்கு!