படகின் நீளமும் கதவின் மாண்பும்: ஓர் ஆய்வு

பழைய பாய்மரப் படகு வாங்கப் புறப்பட்டவர் எத்தனை படகு பார்த்தாலும் கடைசியில் இரண்டில்தான் வந்து நிற்பார். ஒன்று கையிலுள்ள காசுக்குள் அடங்கும், மற்றது அடங்காது. இந்த நிலையை ஆராயக் கலிபோர்னியாவைவிடத் தோதான களம் இல்லை. ஃபிராங்க் பட்லர் அங்கே தொடங்கிய கேட்டலினா நிறுவனம் 22 அடிப் படகைப் பதினைந்தாயிரத்துக்கு மேலும், 30 அடிப் படகை ஆறாயிரத்துக்கு மேலும் கட்டி விற்றுவிட்டது. மாதிரிகளுக்குப் பஞ்சமில்லை. முன்னதைச் சின்னது என்றும் பின்னதைப் பெரியது என்றும் கொள்வோம்.

வேகமே படகுக்கு அழகு என்பாரும் உளர். அவர்கள் கூற்றை முதலில் ஆராய்வோம். ஓடும் படகு தான் எழுப்பிய அலையின் பள்ளத்தில் தானே மாட்டிக்கொள்ளும். அதனால் நீர்மட்ட நீளத்தை அடியில் அளந்து, வர்க்கமூலம் கண்டு, 1.34-ஆல் பெருக்கினால் அதன் உச்ச வேகம் ஏறக்குறைய நாட் கணக்கில் கிடைத்துவிடும். சின்னதற்கு நீர்மட்ட நீளம் 19 அடி 4 அங்குலம், வேகம் 5.9 நாட். பெரியதற்கு 25 அடி, 6.7 நாட். வித்தியாசம் மணிக்கு ஒன்றரைக் கிலோமீட்டர். இதற்காகக் கடன் வாங்குபவர் கரையில் கொஞ்சம் எட்டி நடந்து பார்ப்பது நலம். வேகவாதம் இத்துடன் மறுக்கப்பட்டது.

எடைவாதம் இன்னும் சுவையானது. நீளம் 1.4 மடங்கு கூடினால், கன விதிப்படி எடை 2.7 மடங்கு கூட வேண்டும். சின்னது சுமார் 1,130 கிலோ, பெரியது சுமார் 4,600 கிலோ. அதாவது நான்கு மடங்கு. கன விதியை மீறிய இந்த மிச்சம் எங்கிருந்து வந்தது? ஈய அடிப்பாரம், எஞ்சின், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி. இன்னொன்றும் உண்டு, அதைப் பிறகு பார்ப்போம்.

செலவைப் பற்றி நீட்டத் தேவையில்லை. படகை நிறுத்தி வைக்கும் மரீனாவின் வாடகையும், வாங்குமுன் சோதித்துச் சொல்லும் சர்வேயர் கட்டணமும் அடிக்கணக்கு. சின்னது டிரெய்லரில் ஏறிக் காருக்குப் பின்னால் வீட்டுக்கு வந்துவிடும். பெரியது மரீனாவிலேயே நிற்கும். யாரும் ஏறாத மாதத்திலும் வாடகை ஏறும். யானையைக் கட்டித் தீனி போடுவது என்பார்களே, அது.

இனி உடற்கூறு. சர்வேயர் பிளாஸ்டிக் சுத்தியலோடு மேல்தளத்தில் மண்டியிட்டு, சாண் சாணாகத் தட்டிக்கொண்டே நகர்வார். 'டொக் டொக்' என்றால் தளம் திடம். நடுவில் ஓரிடத்தில் 'தொப்' என்றால் உள்ளே தண்ணீர் புகுந்து, தளத்துக்குள் இருக்கும் மரம் ஊறிக் கிடக்கிறது. அந்த நேரத்தில் விற்பவரின் முகத்தைப் பார்க்காமல் இருப்பது நாகரிகம். சின்னதன் அடிப்பாரம் பெரும்பாலும் ஏற்றி இறக்கும் வார்ப்பிரும்பு, கால் டன். அதைத் தூக்கிப் பிடிப்பது ஒரே ஒரு கம்பிக்கயிறு; வேகம் கூடினால் அது தண்ணீருக்குள் ரீங்காரமிடும். பெரிய வகையின் பழைய படகுகளில் அடிப்பாரம் உடலோடு சேரும் இடத்தில் ஒரு விரிசல் தெரியும். அதற்குக் 'கேட்டலினாப் புன்னகை' என்று பெயர். விரிசலைப் புன்னகை என்று அழைக்கும் மனநிலை வாய்த்தவரே பழைய படகு வாங்கத் தகுதியுடையவர் என்பது எம் துணிபு.

எடைக் கணக்கில் சொல்லாமல் விட்டு எஞ்சியது கதவு. சின்ன படகில் கழிப்பறை என்பது ஒரு பெட்டி. அறைக்குள்ளேயே எங்காவது ஒளிந்திருக்கும். மறைப்பு என்று ஏதாவது இருந்தால் அது ஒரு திரை. பெரியதிலோ தனியறை உண்டு, அதற்குக் கதவு உண்டு, கதவுக்குத் தாழ்ப்பாளும் உண்டு. முற்சொன்ன வாதங்களை மேசையில் பரப்பி இணையர் மாதக்கணக்கில் விவாதிக்கிறார்கள். தீர்ப்பு என்னவோ, இருவரில் ஒருவர் முப்பதடியின் உள்ளே இறங்கி அந்தக் கதவை ஒருமுறை திறந்து மூடிப் பார்த்த நொடியிலேயே வந்துவிடுகிறது. ஒன்றும் சொல்ல மாட்டார். மற்றவர் அப்போதும் வர்க்கமூலம் போட்டுக்கொண்டிருப்பார்.

இதை மறுப்பவர்கள் ஒரு சோதனை செய்க. இருவரும் சின்ன படகுக்குள் இறங்குக. ஒருவர் திரைக்குப் பின்னால் போக, மற்றவர் இயல்பாகப் பேச்சைத் தொடர்க. அரை நிமிடத்துக்குள் அவருக்கு மேல்தளத்தில் ஏதோ அவசர வேலை வந்துவிடும். மழை பெய்தாலும் போவார். பாயைச் சரிபார்ப்பதாகச் சொல்வார். பாய் அப்போது உறைக்குள் இருக்கும்.

தனி ஆளாகப் படகோட்டுபவர்களை இந்த ஆய்வு கட்டுப்படுத்தாது. அவர்கள் சின்னதையே வாங்கலாம். மிச்சப்படும் பணத்தில் முதல் வேலையாக அந்தக் கம்பிக்கயிற்றை மாற்றிவிட வேண்டும்.